பாதி மீன் பாக்கி

கசுயே பிழைத்துக்கொண்டதில் எல்லாருக்கும் சந்தோஷம், கசுயேவைத் தவிர. பிழைத்ததற்குப் பதில் மரியாதை என்ன செய்வது என்பது அவளுக்குத் தெரியவில்லை. மற்றவர்களுக்குத் தெரியாமல் போகலாம், அவளுக்குத் தெரியாமல் போகலாமா?

தகாவோகாவில் உள்ள பெரிய கடையின் ஐந்தாம் மாடியில் அவளுக்கு வேலை. பரிசுப் பிரிவு. கழுத்தில் ரிப்பன் கட்டிக்கொண்டு கண்ணாடி மேசைக்குப் பின்னால் அவள் நிற்கிறாள் என்றால், அந்தச் சுற்றுவட்டாரத்தின் மானம் மரியாதை மொத்தமும் அங்கே நிற்கிறது என்று அர்த்தம். யார் வீட்டிலிருந்து எது வந்தாலும், வந்ததில் பாதி மதிப்புக்கு ஒன்று திரும்பிப் போக வேண்டும். பாதிக்கு மேலே போனால் திமிர், கீழே போனால் கஞ்சத்தனம். நோயிலிருந்து எழுந்தவர் தன்னைப் பார்க்க வந்தவர்களுக்குச் சர்க்கரையோ சோப்போ அனுப்ப வேண்டும். அது கரைவது போல நோயும் கரைந்து போகுமாம். பெட்டியைச் சுற்றும் காகிதக் கயிற்றில்கூட விஷயம் இருக்கிறது. இழுத்தால் அவிழ்கிற பூ முடிச்சு, திரும்பத் திரும்ப நடக்க வேண்டியவற்றுக்கு: பிள்ளைப்பேறு, வருஷக் கடைசி. அவிழாத இறுக்கு முடிச்சு, ஒரு தடவையோடு போதும் என்கிற கல்யாணத்துக்கும் நோய்க்கும். கல்யாணப் பெட்டியில் பூ முடிச்சுப் போட்டு அனுப்பினால் 'அடுத்த கல்யாணமும் சீக்கிரம் நடக்கட்டும்' என்று வாழ்த்தியதாகிவிடும். அப்படி அனுப்பிவிட்டு ஊரை விட்டே போனவர்களைக் கசுயேவுக்குத் தெரியும்.

சில பேர் அளவுக்கு மீறி மரியாதைக்காரர்கள். பதில் மரியாதையாக ஒரு டவல் பெட்டி வந்தால், அதற்கும் ஒரு பதில் அனுப்ப வேண்டுமோ என்று வேர்த்து விறுவிறுத்து வருவார்கள். அவர்களிடம் கசுயே குரலைக் கொஞ்சம் உயர்த்துவாள்.

"திருப்பித் தந்ததுக்குத் திருப்பித் தர்றது கிடையாதுங்க ஐயா. ஆரம்பிச்சீங்கன்னா ரெண்டு வீடும் காலம் பூரா பொட்டி தூக்கிட்டே அலையணும். வாங்கி உள்ள வைங்க, சும்மா இருங்க."

இவ்வளவு தெரிந்தவளைக் கட்டிக்கொண்ட வீடு, ஹிமி துறைமுகத்தில் ஒரு மீனவர் வீடு. அவர்களுக்கு மரியாதை என்றால் அலை சின்னதாக இருக்கும்போது கும்பிடு போடுவது. கல்யாணமான முதல் வருஷக் கடைசியில் பெண் வீட்டார் மாப்பிள்ளை வீட்டுக்குப் புரி என்கிற கொழுத்த பனிக்கால மீனை முழுசாக அனுப்புவது அந்தப் பக்கத்துச் சீர். மாப்பிள்ளை வீட்டார் அதை நீளவாக்கில் பிளந்து பாதியைச் சம்பந்தி வீட்டுக்குத் திருப்பி அனுப்ப வேண்டும். கசுயேவின் அப்பா முடிதிருத்துபவர். எத்தனையோ தலைகளை வெட்டிச் சேர்த்ததைக் கொட்டி அவர் ஒரு மீன் வாங்கி அனுப்பினார். கசுயேவின் அம்மா முள்ளங்கியை வட்ட வட்டமாக நறுக்கிச் சட்டியில் போட்டுவிட்டு, திரும்பி வரப்போகிற பாதிக்காகக் காத்திருந்தாள். இங்கே மாமனார் படகுக்காரர்கள் அத்தனை பேரையும் கூப்பிட்டு, பாட்டும் கூத்துமாக முழு மீனையும் ஒரே ராத்திரியில் தீர்த்துவிட்டார். முள்கூட மிஞ்சவில்லை. அம்மா புது வருஷத்தில் வெறும் முள்ளங்கியைச் சாப்பிட்டாள். சாகும்வரை அந்த முள்ளங்கியின் ருசியைப் பற்றி மகளிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அன்றைக்கு மீனின் கன்னத்துச் சதையைத் தோண்டித் தின்றது நாத்தனார் மிசாவோ. அப்போது பள்ளிக்கூடத்துப் பெண், இப்போது துறைமுகத்தில் சாப்பாட்டுக் கடைக்காரி. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்டவர்களுக்கு அடுத்த முறை சாப்பாட்டில் கருவாட்டுத் தலை மட்டும் கிடைக்கும். முப்பது வருஷமாக ஒவ்வொரு வருஷக் கடைசியிலும் கசுயே இவளைப் பார்த்து இனிமையாகச் சிரித்து, "உங்க வீட்டுல மீனை ரெண்டா வெட்டுற கத்தி இன்னும் வாங்கலையா மிசாவோ?" என்று கேட்பாள். மிசாவோவும் இனிமையாகச் சிரித்து, "வாங்கணும் அண்ணி, உங்க நாக்கைப் பாத்து அளவெடுத்துட்டுப் போகணும்" என்பாள். இதற்கு நடுவில் இருந்துகொண்டு செய்தித்தாள் படிப்பது கசுயேவின் கணவர் தெட்சுவோவின் வேலை.

பிறகு கசுயேவின் கிட்னி இரண்டும் போயின. சொல்லாமல் கொள்ளாமல் போகவில்லை, வருஷக்கணக்காக டாக்டர் சொல்லிக்கொண்டே இருந்தார். கடையில் கால் வீங்கி நின்ற கசுயேதான் காது கொடுக்கவில்லை. வாரத்தில் பாதி நாள் டயாலிசிஸ் இயந்திரத்தோடு குடித்தனம் என்று ஆயிற்று. தெட்சுவோ தன்னுடையதில் ஒன்றைத் தருகிறேன் என்று மார்தட்டிக்கொண்டு போனார். சோதித்துப் பார்த்த டாக்டர், உங்களுக்கு இருக்கும் சர்க்கரைக்கு உங்கள் இரண்டும் உங்களுக்கே போதாமல் போகலாம் என்று அனுப்பிவிட்டார். திரும்பி வரும் வழியில் அவர் ரயிலில் அழுதார். கசுயேதான் தேற்றினாள்.

மறுநாள் மிசாவோ கடை ஏப்ரனோடு வந்து நின்றாள்.

"அண்ணனோடதை வேணாம்னுட்டாங்களாமே. என்னோடதைப் பாக்கச் சொல்லுங்க."

"விளையாடாத மிசாவோ. இது என்ன மீன் குழம்பா, கிண்ணத்துல மொண்டு குடுக்க?"

"தெரியும் அண்ணி. விசாரிச்சிட்டேன். ஒண்ணு போதும்கிறாங்க. ரெண்டையும் வச்சிக்கிட்டு நான் என்ன பண்றது? ஷெல்ஃப்ல அடுக்கவா?"

வேறொருத்தியாக இருந்தால் அந்த இடத்தில் காலில் விழுந்திருப்பாள். கசுயேவின் மனதில் முதலில் வந்த கேள்வி: இதில் பாதி எவ்வளவு?

அறுவை நடந்தது. மிசாவோவின் கிட்னி கசுயேவின் வலது அடிவயிற்றில் குடியேறிய உடனேயே வேலையைத் தொடங்கிவிட்டது. கசுயே கண் விழிப்பதற்குள் பையில் சிறுநீர் நிறைந்தது. அந்தப் பையைப் பார்த்துத் தெட்சுவோ தேம்பித் தேம்பி அழுதார். கல்யாணத்தன்று மணப்பெண்ணைப் பார்த்து அவர் இப்படி அழவில்லை என்பதைக் கசுயே பின்னால் குறித்துச் சொன்னாள். அடுத்த அறையில் மிசாவோ, ஆஸ்பத்திரிக் கஞ்சியில் உப்பு இல்லை என்று சமையல்காரரை வரச்சொல்லிச் சண்டை போட்டுக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் கசுயே பார்க்க வந்தவர்கள் எல்லாருக்கும் சர்க்கரையும் சோப்பும் இறுக்கு முடிச்சுப் போட்டு அனுப்பி முடித்தாள். மிசாவோ மட்டும் மிஞ்சினாள். கிட்னி கொடுத்தவளுக்குச் சோப்பு அனுப்ப முடியுமா? முதலில் மஞ்சள் முலாம்பழம் போயிற்று, மரப்பெட்டியில், பஞ்சு மெத்தையில். மிசாவோ அதை வெட்டி மீன் ஏலக்காரர்களுக்குக் கொடுத்துவிட்டு, "நல்லா இருந்துச்சு, இனிமே அனுப்பாதீங்க" என்று சொல்லியனுப்பினாள். அடுத்து மாட்டிறைச்சி போயிற்று. அதைக் கறியாக்கி ஒரு தூக்கில் ஊற்றி, கசுயேவுக்கே அனுப்பிவிட்டாள். அடுத்துப் போன பட்டுத் துண்டு, தெட்சுவோவின் கழுத்தில் சுற்றிக்கொண்டு வீடு திரும்பியது. அவர் அதைக் கழற்ற மறந்ததில் தெருவே பார்த்துவிட்டது.

இது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், டாக்டர் கசுயேவிடம் தெளிவாகச் சொல்லியிருந்தார். மாத்திரையை நேரம் தவறாமல் போடுங்கள், தண்ணீர் குடியுங்கள், மாத்திரைக்கு ஆகாத பம்பளிமாஸ் பக்கம் போகாதீர்கள், வயிற்றில் நேராக அடி படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மற்றபடி ஒரு வருஷம் போனால் ஓடலாம், குதிக்கலாம், புதிதாக இருந்தால் பச்சை மீன்கூடச் சாப்பிடலாம். கசுயே முதல் பாதியை மட்டும் காதில் வாங்கினாள். பம்பளிமாஸோடு சேர்த்துப் பாவம் ஆரஞ்சையும் விலக்கினாள். சைக்கிளை விற்றாள். ரயிலில் போகும்போது முட்டைத் தட்டு ஏந்திப் போகிறவளைப் போல இரண்டு கையாலும் அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டாள். சிரிப்பு வந்தால் பாதியில் நிறுத்திக்கொண்டாள், கிட்னி குலுங்குமாம்.

முன்பு அவள் அம்மாமார் வாலிபால் குழுவில் முன்வரிசை. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் பள்ளிக்கூட அரங்கில் ஆட்டம். வலைக்கு மேலே கசுயேவின் கை எழுந்தால் எதிர்ப்பக்கத்து அம்மாக்கள் கண்ணை மூடிக்கொள்வார்கள். அந்தக் கசுயே இப்போது ஓரத்துப் பெஞ்சில் உட்கார்ந்து எல்லாருடைய துண்டுகளையும் மடித்துக்கொண்டிருந்தாள். மிக நேர்த்தியாக மடித்தாள், அதில் ஒன்றும் குறை சொல்ல முடியாது.

ஒரு செவ்வாய்க்கிழமை மிசாவோ அரங்குக்கு வந்துவிட்டாள். ஒரு வருஷம் ஆகிவிட்டது, ஆட்டத்தைப் பார்க்கலாம் என்று வந்தவள் பெஞ்சைப் பார்த்தாள்.

"என்ன அண்ணி இது? துண்டு மடிக்கவா நான் வயித்தை அறுத்துக்கிட்டேன்?"

"மெதுவாப் பேசு. எல்லாரும் பாக்குறாங்க."

"பாக்கட்டும். எழுந்து போய் ஆடுங்க."

"பந்து பட்டா? இது என்னுது இல்ல மிசாவோ. உன்னுது. ஒண்ணுகிடக்க ஒண்ணு ஆச்சுன்னா உனக்கு நான் என்ன பதில் சொல்றது?"

மிசாவோவின் முகம் சிவந்தது. "என்னுதா? அப்ப குடுங்க, எடுத்துட்டுப் போறேன். மீன் கூடை வெளியதான் இருக்கு."

வலையின் இரண்டு பக்கமும் ஆட்டம் நின்றுவிட்டது.

"நீங்க நல்லா இருக்கணும்னு குடுத்தேன். நீங்க அதை நல்ல நாளுக்கு எடுக்கிற பீங்கான் தட்டு மாதிரி பொத்தி வச்சிக்கிட்டு உக்காந்திருக்கீங்க. இதுக்கு அந்த மெஷினே தேவலை. இப்படியே இருக்கிறதா இருந்தா, இனிமே என் கடைப்பக்கம் வராதீங்க. பாக்கவே சகிக்கலை."

சொல்லிவிட்டுப் போயே போய்விட்டாள். முப்பது வருஷம் குத்திக் குத்திப் பேசியும் அறுந்து போகாத பேச்சு அன்றைக்கு அறுந்தது. கசுயே அன்று ராத்திரி சரியாகத் தூங்கவில்லை. மிசாவோ இல்லாத வருஷக் கடைசி எப்படி இருக்கும் என்று அவளுக்கு யோசிக்கவே பயமாக இருந்தது. ஆனாலும் புத்தி போன இடத்தைப் பாருங்கள்: சரியான பதில் மரியாதை செய்யாததால்தான் இவ்வளவும் என்று முடிவு கட்டினாள். சின்னச் சின்னதாக அனுப்பியது தப்பு. பெரிசாக ஒன்று போய்ச் சேர்ந்தால் மிசாவோ மனம் இறங்குவாள், கடன் தீரும், அதன் பிறகு நிம்மதியாகக் குதிக்கலாம்.

பெரிசு என்றால் மீன்தான். முழு மீன்.

ஹிமி துறைமுகத்தில், மிசாவோவின் கடைக்கு எதிரே, அவள் கண் முன்னாலேயே கரையேறிய ஒரு புரி மீன், ஏலம் போய், வண்டியேறி, தகாவோகாவுக்கு வந்து, ஐஸ் பெட்டியோடு ஐந்தாம் மாடிக்கு ஏறி, கசுயேவின் கையால் கயிறு கட்டப்பட்டு, மறுபடி வண்டியேறி, கிளம்பிய இடத்துக்கே போய்ச் சேர்ந்தது. அந்த மீன் உயிரோடு இருந்தபோதுகூட அவ்வளவு அலைந்திருக்காது. மேலே வெள்ளைக் காகிதத்தில், உடல் தேறியதற்கான மரியாதை என்று கசுயே தன் முத்தான கையெழுத்தில் எழுதியிருந்தாள்.

மதியம் அடுத்த வாடிக்கையாளரின் பெட்டிக்குக் கயிற்றை எடுத்தபோதுதான் அவளுக்கு உறைத்தது. வருஷக் கடைசி நெரிசல். காலையிலிருந்து அவள் கட்டியதெல்லாம் வருஷக் கடைசிப் பெட்டிகள். எல்லாம் பூ முடிச்சு. கை அதன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. மீனுக்கும் கை அதையேதான் போட்டிருக்கிறது. அவிழ்கிற முடிச்சு. 'இது மறுபடியும் நடக்கட்டும்.'

ஒரே ஒரு கிட்னியோடு இருக்கிறவளுக்கு, நீ தந்ததற்கு நன்றி, இன்னொன்றும் இப்படியே வரட்டும் என்று, முழு மீனோடு, முத்தான கையெழுத்தில்.

கசுயே வாழ்க்கையில் முதல் தடவையாக வயிறு வலிக்கிறது என்று மேலாளரிடம் பொய் சொன்னாள். அவர் பதறிப்போய் ஆம்புலன்ஸைக் கூப்பிடுவதற்குள் அவள் படியிறங்கிவிட்டாள். ஹிமி ரயில் அன்றைக்கு என்று பார்த்து ஒவ்வொரு ஸ்டேஷனிலும் நின்று மூச்சு வாங்கியது. ஜன்னலுக்கு வெளியே கடலில் மழையும் பனியுமாக விழுந்துகொண்டிருந்தது. இறங்கியதும் கசுயே ஓடினாள். கடைச் சீருடையில், கழுத்து ரிப்பன் தோளுக்குப் பின்னால் பறக்க, நனைந்த தெருவில், பாலத்தைத் தாண்டி, மீன் ஏலக் கொட்டகையைத் தாண்டி ஓடினாள்.

கடை நிறையத் துறைமுகத்து ஆட்கள். பலகை மேல் பெட்டி திறந்திருந்தது. கயிறு அவிழாமல் அப்படியே உருவப்பட்டு, காகிதத்தோடு சுவரில் மாட்டப்பட்டிருந்தது, எல்லாரும் பார்க்கட்டும் என்று. வலை இழுக்கிற ஒரு தடியன்தான் முதலில் வாயைத் திறந்தான்.

"வாங்கக்கா வாங்க! நேர்லயே வந்துட்டீங்களா? மிசாவோ, அதையும் கழட்டி ஐஸ்ல போட்டுக் குடு!"

கடை அதிரச் சிரித்தது. கசுயே வாசலிலேயே இடுப்பு ஒடியக் குனிந்தாள்.

"மன்னிச்சிடு மிசாவோ. கை தப்பிடுச்சு. வருஷக் கடைசிப் பொட்டியாக் கட்டிக் கட்டி... நான் அப்படி நெனைக்கவே இல்ல, சத்தியமா நெனைக்கல."

மிசாவோ கரண்டியை வைத்துவிட்டு அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"எதுல வந்தீங்க?"

"ரயில்ல."

"ஸ்டேஷன்லேருந்து?"

"ஓடி வந்தேன்."

"வயித்தைப் பிடிச்சுக்கிட்டா?"

கசுயே தன் கைகளைப் பார்த்தாள். ஒன்றில் பை. இன்னொன்று சும்மா தொங்கிக்கொண்டிருந்தது. அவளுக்கு நினைவே இல்லை.

"இல்ல."

"கழண்டு கிழண்டு விழுந்துச்சா? வழியில தேடச் சொல்லவா?"

தடியன் மறுபடி சிரித்தான். மிசாவோ திரும்பிப் பார்த்த பார்வையில் சோற்றுக் கிண்ணத்துக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டான்.

"உக்காருங்க அண்ணி. ஒண்ணு கேக்கணும். உங்கப்பா அனுப்புன மீனுல பாதி எங்க வீட்டுல நின்னுபோச்சு, இல்லையா?"

"அது பழைய கதை."

"பழைய கதையா? அதைச் சொல்லிக் காட்டாத வருஷம் ஒண்ணு சொல்லுங்க. நீங்க சொல்லச் சொல்ல அந்த மீனும் வருஷத்துக்கு ஒரு சாண் வளர்ந்துச்சு. இந்நேரம் திமிங்கலம் ஆயிருக்கும். சரின்னு, என்கிட்ட ரெண்டு இருந்துச்சு, ஒண்ணைத் திருப்பிட்டேன். ரெண்டுல ஒண்ணு பாதிதானே? அது பரிசு இல்ல அண்ணி. அதுதான் பதில் மரியாதை. முப்பது வருஷம் லேட்டு, அவ்வளவுதான்."

"மீனும் கிட்னியும் ஒண்ணா மிசாவோ?"

"முப்பது வருஷம் பேச்சு கேட்டிருக்கேனே, அதுக்கு வட்டி போட மாட்டீங்களா?" மிசாவோ பலகையில் கையூன்றிக் குனிந்தாள். "திருப்பித் தந்ததுக்குத் திருப்பித் தர்றது உண்டா? உங்க கடையில வர்றவங்களுக்கு என்ன சொல்லுவீங்க?"

கசுயேவின் வாய் திறந்தது. ஆயிரம் பேரிடம் சொன்ன பதில் மெல்லிசாக வந்தது.

"கிடையாது."

"சத்தமா. இவங்களுக்குக் கேக்கல."

"கிடையாது!" என்று சொல்லும்போதே கசுயே உடைந்து அழுதுவிட்டாள். தோள் குலுங்க, வயிறு குலுங்க, நிறுத்தாமல் அழுதாள். மிசாவோவின் கண்ணும் நிறைந்தது. அவள் அதை வெங்காயத்தின் மேல் போட்டுச் சமாளிக்கலாம் என்று பார்த்தால் பக்கத்தில் வெங்காயமே இல்லை.

"போதும் அழுதது. வாங்கி உள்ள வைங்க, சும்மா இருங்க. இது வெறும் வருஷக் கடைசி மீனு, முடிச்சு சரிதான், அடுத்த வருஷமும் அனுப்புங்க" என்று மூக்கை உறிஞ்சிக்கொண்டு, அவள் பெரிய கத்தியை எடுத்தாள். தலையிலிருந்து வால் வரை ஒரே இழுப்பு. மீன் இரண்டாயிற்று. பாதியைச் செய்தித்தாளில் சுருட்டி, பிளாஸ்டிக் கயிற்றால் இழுத்துக் கட்டி, கசுயேவின் மடியில் வைத்தாள். "கத்தி வாங்கியாச்சு. பாத்துக்குங்க."

அது பூ முடிச்சும் இல்லை, இறுக்கு முடிச்சும் இல்லை. கருவாட்டு மூட்டைக்குப் போடுகிற முடிச்சு. இப்படி ஒரு பொட்டலம் தன் மேசைக்கு வந்திருந்தால் கசுயே மயக்கம் போட்டிருப்பாள். அதை அவள் மார்போடு அணைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள்.

செய்தித்தாளில் சுற்றிய மீனைக் கண்டதும் தெட்சுவோ படித்துக்கொண்டிருந்த செய்தித்தாளைக் கீழே வைத்தார்.

"மிசாவோ குடுத்தாளா? ஐயோ, இதுக்கு என்ன திருப்பித் தர்றது?"

"ஒண்ணும் கிடையாது. கத்தி எடுங்க."

கசுயே நடுத்துண்டை மெல்லிசாக அரிந்து ஒரு தட்டில் வைத்தாள். பிறகு முள்ளங்கியை வட்ட வட்டமாக நறுக்கி, மீன் துண்டுகளோடு சட்டியில் ஏற்றினாள். வெந்ததும் முதல் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு பீரோ பக்கம் போனாள். பீரோ மேல், சாக்ஸ் டப்பாவுக்குப் பக்கத்தில், அவள் அம்மாவின் சின்னப் படம் இருந்தது.

"அங்கயா? படையல்னா மாடத்துலல்ல வைக்கணும், எங்கப்பா அம்மா படத்துக்கு முன்னாடி? அதுவும் மீனு வைக்கிற வழக்கமே இல்லையே" என்றார் தெட்சுவோ.

"வழக்கம் எனக்குத் தெரியும். உங்கப்பா பங்கை உங்கப்பா அப்பவே சாப்பிட்டாச்சு. நகருங்க."

அம்மாவின் முன்னால் ஆவி பறக்கிற கிண்ணத்தை வைத்தாள். "அம்மா, பாதி வந்துடுச்சு" என்றாள். பிறகு உட்கார்ந்து, ஒரு வருஷத்துக்கு மேலாகத் தொடாத பச்சை மீனைச் சோயாவில் தொட்டு வாயில் போட்டாள். கொழுப்பு நாக்கில் கரைந்தது. தெட்சுவோவுக்கு மிச்சம் வைக்க வேண்டும் என்பது தட்டில் இரண்டு துண்டு இருக்கும்போதுதான் நினைவுக்கு வந்தது.

அடுத்த செவ்வாய்க்கிழமை பெஞ்சில் துண்டுகள் மடிக்காமல் குவிந்து கிடந்தன. கசுயே வலைக்கு முன்னால் நின்றாள். முதல் பந்து உயரமாக வந்தது. அவள் எம்பினாள், எதிர்ப்பக்கத்து அம்மாக்கள் பழைய நினைப்பில் கண்ணை மூடிக்கொண்டார்கள், பந்து வலையில் மோதி அவள் காலடியிலேயே விழுந்தது.

கசுயேவின் கை தானாக அடிவயிற்றுக்குப் போயிற்று.

"அதை ஏன் தடவுறீங்க?" ஓரத்திலிருந்து மிசாவோ கத்தினாள். "அது ஒழுங்காத்தான் குதிச்சுது! கைதான் தப்பு, கை உங்களுது! இன்னொண்ணு போடச் சொல்லுங்க அண்ணி!"